பிஸ்தா பச்சை மட்கார்டு

டிங்கர் வீரமணியின் சுத்தியல் சத்தம் நின்றால் இரண்டே காரணம்தான் இருக்க முடியும். ஒன்று, டீ வந்திருக்க வேண்டும். இல்லையென்றால் அவருடைய மச்சான் வந்திருக்க வேண்டும். அந்தத் திங்கட்கிழமை காலை பதினோரு மணிக்கு இரண்டும் வரவில்லை. வந்தது பகலவனின் ஜீப். அது ஷெட் வாசலில் திரும்பியதுமே சுத்தியல் நின்றுவிட்டது.

பகலவன் அதைக் கவனித்தான். ஆனால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை. அந்த வேலைக்குத்தான் ஆனந்தமேரி இருக்கிறாரே.

ஆனந்தமேரிக்கு ஐம்பத்து நான்கு வயது. இன்சூரன்ஸ் கம்பெனிக்காக இருபத்தாறு வருஷம் அடிபட்ட வண்டிகளைப் பார்த்துப் பார்த்து, கடைசியில் மேலதிகாரியோடு ஒத்துப்போகாமல் வேலையை உதறிவிட்டு, கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் துப்பறியும் அலுவலகம் போட்டவர். பகலவன் அவருக்கு டிரைவர், உதவியாளர், டீ வாங்கி வருபவன், வேண்டாத நேரத்தில் வாயைத் திறப்பவன். அவனுடைய ஜீப்புக்குப் பெயர் பெரியப்பா. ஸ்டார்ட் செய்தால் இருமும், மேட்டில் முனகும், இறக்கத்தில் யார் சொன்னாலும் கேட்காது. வேறென்ன பெயர் வைப்பது?

ஜீப்பின் முன் சீட்டில் அன்று சின்னப்பொண்ணு உட்கார்ந்திருந்தாள். பின்னால் உட்கார்ந்தால் தலை சுற்றுகிறது என்றதால், ஆனந்தமேரி தன் இடத்தை அவளுக்குக் கொடுத்துவிட்டுப் பின் சீட்டில் ஸ்டெப்னி டயரோடு குலுங்கி வந்தார்.

இருபது நாளைக்கு முன்னால் ஒரு சாயங்காலம், சின்னப்பொண்ணின் புருஷன் சுப்புராயன் பஞ்சரான மொபெட்டைத் தள்ளிக்கொண்டு கரியாலூர் மலைப்பாதையில் நடந்து போய்க்கொண்டிருந்தார். ஏதோ ஒரு வண்டி அவரை இடித்துப் பள்ளத்தில் தள்ளிவிட்டு நிற்காமல் போய்விட்டது. இரண்டு மணி நேரம் கழித்துக் கடைசி பஸ்ஸின் டிரைவர்தான் பார்த்தார். அதற்குள் உயிர் போயிருந்தது. சாட்சி இல்லை, கேமரா இல்லை, வண்டி நம்பர் இல்லை. மொபெட்டும் பள்ளத்தில் கிடந்ததால், ‘தானாக விழுந்து இறந்தார்’ என்று எழுதி, வருகிற புதன்கிழமை போலீஸார் ஃபைலை மூடப் போகிறார்கள்.

“பஞ்சர் வண்டியை எவன்மா ஓட்டிக்கினு போயி விழுவான்?” என்று சின்னப்பொண்ணு போய்க் கேட்காத வாசல் இல்லை. பஞ்சரானதால்தான் விழுந்தார் என்று எல்லா வாசலிலும் ஒரே பதில். ஆனந்தமேரி ஒருவர்தான் பதில் சொல்லாமல் மலையேறிப் போய் அந்த மொபெட்டைப் பார்த்தார்.

மொபெட்டின் ஹேண்டில்பார் இடுக்கில் சுண்டுவிரல் நகமளவு பெயிண்ட் செதில் ஒன்று சிக்கியிருந்தது. மேலே பிஸ்தா பச்சை, அதற்குக் கீழே கிரீம், அதற்கும் கீழே கறுப்பு.

“புது வண்டிக்கு ஒரு சட்டைதான் பகலவா. இது ஒண்ணு மேல ஒண்ணா மூணு சட்டை போட்டுக்கினு இருக்கு. அப்போ வயசான வண்டி” என்றார்.

மாவட்டத்தில் பிஸ்தா பச்சையில் பழைய கார் மொத்தம் மூன்றுதான் தேறின. ஒன்று களமருதூரில் வைக்கோல் போருக்குப் பக்கத்தில் நான்கு செங்கல்லின் மேல் நின்றது. அதன் பின் சீட்டில் கோழி முட்டையிட்டுக்கொண்டிருந்தது. இரண்டாவது கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்குப் போவது. அந்தச் சாயங்காலம் முழுக்க சேலத்தில் ஒரு மாப்பிள்ளையைச் சுமந்திருக்கிறது, வீடியோவே இருக்கிறது. மூன்றாவதுதான் வீரமணியின் ஷெட்டில் நின்ற அம்பாசிடர். அறுபத்து நாலாம் வருஷத்து வண்டி. சின்னசேலத்தில் ஜவ்வரிசி ஆலை வைத்திருக்கும் சின்னதுரையுடையது. கரியாலூரில் அவருக்கு ஒரு பங்களா உண்டு, வாரா வாரம் அந்தக் காரில்தான் மலையேறுவார்.

இப்போது அந்தக் காரில் பச்சையும் இல்லை, கிரீமும் இல்லை. உச்சி முதல் உள்ளங்கால் வரை பெயிண்டை உரித்து வெறும் தகரமாக நிறுத்தியிருந்தார் வீரமணி.

“இன்னாண்ணே, வயசான மனுஷியை இப்படித் துணியில்லாம நிக்க வெச்சிருக்கே?” என்றான் பகலவன்.

வீரமணி சிரிக்கவில்லை. ஒன்று சொன்னால் இரண்டு திருப்பிச் சொல்கிற மனிதர், துணியில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“இது எப்போ வந்துச்சு வீரமணி?” என்று கேட்டார் ஆனந்தமேரி.

“ஆச்சுங்கம்மா, பதினெட்டு நாளு. பழைய கார் ரேலிக்குப் போறாராம். ஃபுல்லா புதுசாக்குன்னாரு.”

“அதுவரைக்கும் நல்லா ஓடிக்கினு இருந்த வண்டிதானே?”

“ஓடிக்கினுதாங்க இருந்துச்சு. அங்கங்க துரு.”

ஆனந்தமேரி காரை ஒரு சுற்றுச் சுற்றினார். குனிந்தார், தடவினார், மறுபடி சுற்றினார். பகலவனுக்கு அந்தச் சுற்று தெரியும். கோயிலில் சுற்றுகிறவர்கள் எதையாவது கேட்பார்கள். இவர் எதையாவது கண்டுபிடித்துவிட்டுத்தான் நிற்பார்.

“வலது மட்கார்டுல நாலு ஒட்டு. ரெண்டு கதவுலயும் ஒட்டு. டிக்கியில ஒட்டு. எங்கெங்க துரு தின்னுச்சோ அங்க மட்டும் வெட்டிட்டுப் புதுத் தகரம் வெச்சிருக்கீங்க. அழகான வேலை. ஆனா இடது மட்கார்டுல மட்டும் ஒரு ஒட்டும் இல்லையே. முழுசா புதுசா அடிச்சிருக்கீங்க.”

“அதுல துரு ஜாஸ்திங்கம்மா.”

“ரெண்டும் ஒரே மழையில நனைஞ்சதுதானே? ஒரு செருப்பைத் தச்சிப் போட்டுக்கிற ஆளு, இன்னொரு செருப்பை மட்டும் புதுசா வாங்குவானா?”

“வாங்குவான்மா, நாய் தூக்கிக்கினு போயிருந்தா” என்றான் பகலவன்.

“இங்க தூக்கிக்கினு போன நாய் எதுன்னுதான் நானும் கேக்கறேன்.”

வீரமணி கீழே பார்த்தார். ஒரு பல் வலிக்காக முப்பத்திரண்டையும் பிடுங்கியிருக்கிறார்கள் என்பது பகலவனுக்கே புரிந்துவிட்டது. ஒரு மட்கார்டை மட்டும் மாற்றினால் ஊர் கேட்கும். காரையே உரித்துப் புதுசாக்கினால் யார் கேட்கப் போகிறார்கள்?

“பழைய மட்கார்டு எங்க?” என்றார் ஆனந்தமேரி.

“பழைய இரும்புக்குப் போட்டுட்டேங்க. சந்தோஷ் கடையில.” அதைச் சொன்னபோது வீரமணியின் பார்வை வாசல் பக்கம் போய்த் திரும்பியது. அங்கே ஜீப்பிலிருந்து இறங்கி, முந்தானையைப் பிடித்துக்கொண்டு, உள்ளே வரலாமா கூடாதா என்று தெரியாமல் சின்னப்பொண்ணு நின்றிருந்தாள்.

“அவங்க யாருங்கம்மா?”

“சுப்புராயனோட சம்சாரம். மலைப்பாதையில அடிபட்டு செத்தாரே, அவரு.”

வீரமணி கையிலிருந்த துணியைக் கீழே போட்டார். போட்டதை எடுக்கவும் இல்லை. புறப்படும்போது பகலவனிடம் மட்டும் மெதுவாகக் கேட்டார்.

“உன் பெரியப்பாவுக்குத் தரை போட்டுக் குடுத்தேனே, எப்பிடி இருக்கு?”

பன்னிரண்டு நாளைக்கு முன்னால் நடந்த வேலை அது. முன் சீட்டுக்குக் கீழே தரை இற்றுப்போய், ஆனந்தமேரியின் செருப்பு ஒன்று ஓட்டை வழியாகத் தியாகதுருகம் ரோட்டில் விழுந்து, அவர் ஒற்றைச் செருப்போடு கலெக்டர் ஆபீஸ் படியேறியபிறகு அவசரமாகச் செய்தது.

“இன்னா போ, குழியா விட்டுட்டியே. ரப்பர் மேட்டு கூட சரியா உக்கார மாட்டேங்குது.”

“மேட்டைத் தூக்கிப் பாத்தியா?”

“எதுக்கு?”

“பாரு ஒரு நாளைக்கு” என்று சொல்லிவிட்டு வீரமணி உள்ளே போனார். அப்புறமும் சுத்தியல் சத்தம் வரவில்லை.

சந்தோஷின் பழைய இரும்புக் கடை சங்கராபுரம் ரோட்டில் இருந்தது. தராசுக்குப் பின்னால் உட்கார்ந்து தர்ப்பூசணி தின்றுகொண்டிருந்தவன், கேள்வியைக் கேட்டதும் விதையைத் துப்பிவிட்டுச் சிரித்தான்.

“வீரமணிண்ணன் எனக்குக் கார் தகரம் போட்டாரா? யாருமா உங்களுக்குச் சொன்னது? அவரு எனக்குப் போடறது பட்டி டப்பாவும் ஒடைஞ்ச பல்பும்தான்.”

“அவரேதான் சொன்னாரு.”

“வெளையாடியிருப்பாரும்மா. பழைய கார் தகரம்னா அவரு கையகலம் கூட வெளிய விட மாட்டாரு. அந்தக் காலத்துத் தகரம் கனம். இப்போ கடையில விக்கிறது அப்பளம், சுத்தியல் பட்டா ஒடைஞ்சிரும். அதனால பழசை வெட்டி வெட்டி வெச்சிக்குவாரு. எந்த வண்டிக்காவது ஒட்டு போடும்போது எடுப்பாரு. டைலரு துண்டுத்துணி சேத்து வெப்பாரு பாருங்க, அதுமாதிரி.”

ஆனந்தமேரி நன்றி சொல்லிவிட்டுத் திரும்பினார். நடையில் வேகம் இல்லை.

“இன்னாம்மா ஆச்சு?” என்றான் பகலவன்.

“வெட்டியிருப்பாரு. வெட்டித் தட்டி நிமித்தி, ஒரு வேன்ல ஒரு துண்டு, ஒரு டிராக்டர்ல ஒரு துண்டுன்னு ஒட்டிப் பெயிண்டும் அடிச்சிருப்பாரு. நாளன்னைக்குப் புதன். மாவட்டத்துல இருக்கற வண்டியை எல்லாம் பெயிண்ட் சுரண்டிப் பாக்க முடியுமா?”

“சுரண்டலாம்மா. ஓனருங்க வந்து நம்மளைச் சுரண்டுவாங்க.”

அவர் சிரிக்கவில்லை. சொன்ன பகலவனுக்கே அது ருசிக்கவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். நறுக்கிக் கூட்டு வைத்துவிட்டால் எப்படித் தேடுவது?

ஜீப்பில் காத்திருந்த சின்னப்பொண்ணு முகங்களைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். “வூட்ல ஆட்டைக் கட்டிப் போட்டுட்டு வந்தேன்மா. போலாம்” என்றாள். யாரையும் குறை சொல்லவில்லை. குறை சொல்லியிருந்தால் பகலவனுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

கச்சிராயபாளையம் தாண்டி கோமுகி அணைப் பக்கம் போகும்வரை பெரியப்பா மட்டும் இருமிக்கொண்டே வந்தார். எதிரே கல்வராயன் மலை நீலமாக, எதுவும் நடக்காத மாதிரி நின்றது. பகலவன் ஒரு நகைச்சுவையைத் தேடித் தேடிப் பார்த்தான். கிடைக்கவில்லை.

சின்னப்பொண்ணு காலை இப்படியும் அப்படியும் மாற்றி வைத்தாள். “தம்பி, இங்க கால் ஊன வரலியே. பள்ளமாட்டம் இருக்குது.”

“அது வீரமணிண்ணன் போட்ட ஒட்டும்மா. கை தவறி…”

“நிறுத்து” என்றார் ஆனந்தமேரி பின்னாலிருந்து.

“இல்லம்மா, இவங்கதான் கேட்டாங்கன்னு…”

“வாயை இல்ல, வண்டியை நிறுத்து.”

பெரியப்பா தன் வழக்கப்படி இருபதடி தள்ளிப் போய் நின்றார்.

“வீரமணிக்குக் கை தவறுமா?” என்று கேட்டார் ஆனந்தமேரி. “இருபத்தாறு வருஷமா அவர் வேலையைப் பாத்திருக்கேன். கண்ணை மூடிக்கினு தடவினா ஒட்டு எங்க இருக்குன்னு சொல்ல முடியாது. அந்த மனுஷன் நான் கால் வெக்கிற எடத்துல குழியை விடுவாரா? மேட்டை எடு.”

பகலவன் ரப்பர் மேட்டைப் புரட்டினான்.

தரையில் இரண்டு சாண் அகலத்துக்கு ஒரு துண்டுத் தகரம். ஓரத்தில் வெல்டிங் வைத்த இடத்தில் மட்டும் விரற்கடை அளவுக்குச் சுரண்டி, பெயிண்ட் கருகியிருந்தது. நடுவில் சுரண்டாமல் விட்ட, பளபளவென்ற பிஸ்தா பச்சை. அந்தப் பச்சையின் மத்தியில், தட்டி நிமிர்த்தாத ஓர் ஒடுக்கு. உட்புறமாகக் குழிந்து, கூழ் குடிக்கிற கிண்ணம் போல.

ஆனந்தமேரி சாவியை வாங்கி ஒரு மூலையில் கீறினார். பச்சைக்குக் கீழே கிரீம் வந்தது. இன்னும் கீறினார். கறுப்பு வந்தது.

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை. பன்னிரண்டு நாளாக ஆனந்தமேரி காலை வைத்துக்கொண்டிருந்த இடம். களமருதூருக்கும் சேலத்துக்கும் அதன் மேலேயே உட்கார்ந்து போய், மட்கார்டு எங்கே, மட்கார்டு எங்கே என்று கேட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். பகலவனுக்கு முகமெல்லாம் எரிந்தது.

“வெல்டிங் வெக்கிற எவனும் தகரத்தை முழுசாச் சுரண்டாம வெக்க மாட்டான்” என்றார் ஆனந்தமேரி. “ஒடுக்கை எடுக்காம வெக்க மாட்டான். இது ரெண்டையும் பண்ணாம, மேலே மேட்டைப் போட்டு மூடி, அதையும் தேடித் தேடி நம்ம வண்டியில வெச்சிருக்காரு. மறைச்சிருக்காருன்னு நெனைச்சோம். பத்திரமா வெச்சிருக்காரு.”

“இன்னாம்மா அது?” என்றாள் சின்னப்பொண்ணு.

ஆனந்தமேரி அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். நல்ல வார்த்தை தேடவில்லை, நேராகச் சொன்னார். சின்னப்பொண்ணு கேட்டாள். கேட்டுவிட்டு ஜீப்பிலிருந்து இறங்கி ரோட்டோரத்தில் போய் நின்றுகொண்டாள். செருப்பைக் கழற்றி விட்டுவிட்டு வெறுங்காலோடு நின்றாள்.

பகலவனுக்கு ரத்தம் சூடாகிவிட்டது. “வாங்கம்மா, இப்பவே ஸ்டேஷனுக்குப் போலாம். சின்னதுரை ஆட்டம் குளோஸ்!”

“போயி?”

“தகரத்தைக் காட்டுவோம்.”

“யார் வண்டியில இருக்கு தகரம்?”

“நம்ம வண்டி…” பகலவன் நிறுத்தினான்.

“அன்னைக்குச் சாயங்காலம் உன் பெரியப்பா எங்க இருந்தாரு?”

பகலவன் நாளை எண்ணிப் பார்த்தான். அன்றைக்குச் சவாரி. பாண்டிச்சேரிக்காரக் குடும்பம் ஒன்றைக் கரியாலூரில் இறக்கிவிட்டு இதே பாதையில்தான் திரும்பி வந்தான்.

“நான் அஞ்சரைக்கே கீழ எறங்கிட்டேன்மா.”

“யாரு சாட்சி?”

“பெரியப்பாதான்.”

“அவருக்கு இருமத்தான் தெரியும். இடிச்ச தகரம் உன் வண்டியில. அதே நாள் அதே ரோட்டுல உன் வண்டி. சின்னதுரையோட வக்கீல் எந்திரிச்சி நிக்கக்கூட வேணாம், உக்காந்த எடத்துலயே கேஸை முடிச்சிருவாரு. இது அந்தக் கார்ல இருந்து வெட்டினதுன்னு சொல்ல ஒலகத்துல ஒரே ஆளுதான் இருக்காரு.”

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைகிற சத்தம் எப்படி இருக்கும் என்று பகலவன் அன்றுதான் தெரிந்துகொண்டான். சத்தமே வரவில்லை. ஜீப்பைத் திருப்பினான்.

சின்னப்பொண்ணை ஏற்றுவதற்குத்தான் நேரமானது. முன் சீட்டு வேண்டாம் என்றாள். பின் சீட்டில் ஏறி, தலை சுற்றினாலும் பரவாயில்லை என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

அவர்கள் மறுபடி ஷெட்டுக்குப் போனபோது மணி மூன்று. பகலவன் சுருட்டிய மேட்டைக் கையில் எடுத்துக்கொண்டே உள்ளே போனான். வீரமணி அதைப் பார்த்தார். மறுக்கவில்லை. ஒரு பழைய கார் சீட்டை இழுத்து ஆனந்தமேரிக்குப் போட்டுவிட்டு, தான் தரையில் உட்கார்ந்தார்.

“நாய் குறுக்க வந்துச்சு, மரத்துல உட்டுட்டேன்னுதாம்மா ஓனர் ஐயா சொன்னாரு. நானும் சரிங்கன்னேன். கழட்டி வெச்சிப் பாத்தா தெரியாதா? மரத்துல இடிச்சா தகரம் மடியும், வரி விழும். சுவத்துல இடிச்சா மூஞ்சி அப்படியே சப்பையாயிரும். மனுசன்னா இப்பிடித்தான், கிண்ணமாட்டம் உள்ள வாங்கும். முப்பது வருஷமாத் தட்டறேன். எது இடிச்சதுன்னு தகரமே சொல்லிரும்.”

“அப்பறம் ஏன் தட்டலை?”

“சுத்தியலைத் தூக்கினேம்மா. கை வரலை.” அவர் தன் வலது கையை ஏதோ பிறத்தியார் கை மாதிரி பார்த்தார். “அதான் வெட்டி எடுத்துட்டு வேற அடிச்சேன். வெட்டினதைத் தூக்கிப் போடவும் மனசு வரலை. வூட்ல வெச்சா அவரு ஆளுங்க வருவாங்க. அப்போதான் இவன் ஓட்டைத் தரையோட வந்து நின்னான். மேரிம்மா கண்ணுல படாமலா போவும்னு வெச்சேன்.”

“பட்டுதே வீரமணி. இன்னைக்குப் பட்டுச்சு. தகரம் சொல்லும்னீங்களே, கோர்ட்டுல தகரம் பேசாது. நீங்க பேசணும். நாளைக்குக் காலைல என்கூட ஸ்டேஷனுக்கு வாங்க. இன்னார் கார்ல இருந்து வெட்டினேன்னு ஒரே வரி. போதும்.”

வீரமணி தலையை ஆட்டினார். ஆமாம் என்று ஆட்டவில்லை.

“இந்த ஷெட்டு அவரு எடம்மா. என் வூட்டுக்காரி, என் தம்பி, தம்பி பொண்டாட்டி, எல்லாம் அவரு ஆலையிலதான் கெழங்கு உரிக்கிறாங்க. தகரத்தைக் குடுத்துட்டேன். என்னால ஆனது அவ்ளோதான். வாயைக் கேக்காதீங்க.”

“நீங்க பேசலைன்னா இவன் உள்ள போவான்” என்று ஆனந்தமேரி பகலவனைக் காட்டினார்.

“தெரியுதும்மா” என்றார் வீரமணி. அவர் கண்ணில் நீர் நின்றது. “தெரியுது.”

வழக்கமாக இந்த மாதிரி இடத்தில்தான் ஆனந்தமேரி பையிலிருந்து ஏதாவது ஒரு துருப்புச் சீட்டை எடுப்பார், எதிராளி கவிழ்ந்துவிடுவான். பகலவன் அவர் கையையே பார்த்தான். அந்தக் கை மடியில் சும்மா கிடந்தது. திட்டலாம் என்றால் திட்டுவதற்கும் ஆள் இல்லை. எதிரே உட்கார்ந்திருந்தவர் அயோக்கியன் இல்லை, பயந்த மனிதர். பகலவனுக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது, இரண்டாலும் ஒரு பிரயோஜனமும் இல்லை.

அப்போதுதான் சின்னப்பொண்ணு உள்ளே வந்தாள். யாரும் கூப்பிடவில்லை. உரித்து நிறுத்திய காரைச் சுற்றிக்கொண்டு வந்து, அந்தப் புது மட்கார்டுக்குப் பக்கத்தில், வீரமணிக்கு எதிரே நின்றாள்.

“அண்ணே, கோர்ட்டுக்கெல்லாம் நீ வர வேணாம். எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லு. தகரத்தைப் பாத்தா எல்லாம் தெரியும்னு சொன்னியே, வெளிய நின்னு கேட்டேன். எவ்ளோ வேகத்துல இடிச்சிருக்கு?”

வீரமணி ஆனந்தமேரியைப் பார்த்தார்.

“அது எதுக்கும்மா இப்போ…”

“இடிச்ச ஒடனே போயிட்டாருன்னு எல்லாரும் சொல்றாங்க. ஒண்ணும் தெரிஞ்சிருக்காது, நொடியில முடிஞ்சிருக்கும்னு சொல்றாங்க. நானும் அதையே சொல்லிக்கினு இருக்கேன். அப்பிடித்தானாண்ணே?”

ஒரு பொய் போதும். பகலவன் மனசுக்குள் கெஞ்சினான். சொல்லிடுண்ணே, ஆமான்னு சொல்லிடு. ஆனால் தகரத்தைப் பற்றி ஒரே நாளில் இரண்டாவது பொய் சொல்ல வீரமணியால் முடியவில்லை.

“வேகமா வந்திருந்தா தகரம் கிழிஞ்சிருக்கும்மா” என்றார். “கிழியலை. வளைவுல மெதுவாத்தான் வந்திருக்கு. இருபது, இருபத்தஞ்சுதான் இருக்கும். அந்த அடியில… அந்த அடியில ஒடனே உசுரு போவாது.”

சின்னப்பொண்ணு புது மட்கார்டின் மேல் கையை வைத்தாள். பிறகு யாரிடமும் இல்லாமல் சொன்னாள்.

“அப்போ தண்ணி கேட்டிருப்பாரு.”

வீரமணியின் சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தார். திரையில் ‘ஓனர் ஐயா’ என்று இருந்ததைப் பகலவனும் பார்த்தான். மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருக்க, அது அடித்துக்கொண்டே இருந்தது. வீரமணி எழுந்து நின்று, காதில் வைத்தார்.

“சொல்லுங்கய்யா… ஆவுதுங்கய்யா, நாளைக்குப் பிரைமர் அடிச்சிடலாங்க.” எதிர்முனையில் ஏதோ கேட்டார்கள். வீரமணி சின்னப்பொண்ணைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

“இல்லீங்கய்யா” என்றார். “இங்க யாரும் வரலீங்க.”